வையாபுரி பிரேக் பார்த்த கதை

ஏற்காட்டுக்கு ஏறுகிற சாலை தொடங்கும் இடத்தில் அமலோற்பவத்தின் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. முன்பக்கம் குனிந்து படுத்து ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் பைக்குகள், பெரும்பாலும் நானூறு சிசி வண்டிகள், எந்நேரமும் நாலைந்து வாசலில் நிற்கும். தேடி வருகிறவர்களுக்கு அதுவே அடையாளம்.

அமலோற்பவத்துக்கு நாற்பது வயது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் டீமில் பல வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டுச் சேலத்துக்குத் திரும்பியவர். எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் யாரோ கேலிக்குச் சொன்னது. நாளடைவில் கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் வையாபுரி. மேஸ்திரியைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். சங்ககிரியில் லாரிகளுக்கு ஏர் பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பெயர், கைநிறைய வேலை. ஒருநாள் கல்யாணம் ஒன்றுக்காகக் காரில் ஏற்காடு ஏறும்போது, ஒரு வளைவில் சிவப்பு பைக் ஒன்று அவரைத் தாண்டிப் போனது. தரையைத் தொட்டுவிடும் போலச் சாய்ந்து, வளைவு முடிந்ததும் நூல் பிடித்தாற்போல நிமிர்ந்தது. கல்யாணத்தில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. மறுமாதமே லாரிப் பட்டறையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அடிவாரத்தில் வந்து நின்றார்.

இந்த வயதில் எதற்கு என்று மேஸ்திரி கேட்கவில்லை. ஒரு ஸ்பேனரைக் கொடுத்து ஒரு போல்ட்டை இறுக்கச் சொன்னார். வையாபுரி இறுக்கினார்.

"கை ரொம்ப பலமா இருக்குண்ணே," என்றார் மேஸ்திரி. "அதைக் கொஞ்சம் மறக்கணும்."

அவ்வளவுதான் சேர்க்கை.

லாரி முழுக்க இரும்பு. இந்த வண்டிகள் பாதிக்கு மேல் அலுமினியம். இரும்பில் ஒரு திருப்புக் கூடினால் ஒன்றும் ஆகாது. அலுமினியத்தில் மரை போய்விடும். இறுக்கம் போதும் என்றால் 'டிக்' என்று சொல்லும் டார்க் ரென்ச்சைப் பிடிக்கவே வையாபுரிக்குச் சில மாதம் ஆனது. ஆனால் பிரேக் என்பது அவருக்கு ரத்தத்தில் ஓடுகிற விஷயம். காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சீக்கிரமே பிடித்துக்கொண்டார்.

அவருக்குப் புரியாமல் இருந்தது வேறு ஒன்று. வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் ஆளுக்கொரு சாமான் கேட்டார்கள். ஒருவருக்குச் சத்தம் போடும் சைலன்சர், இன்னொருவருக்குத் தங்க நிற லீவர். எதை மாட்டுவது, எதை மறுப்பது?

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் ஆன்லைனில் வாங்கிய சாமான்களைப் பெரிய பெட்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். மேஸ்திரி பெட்டியைக் கிளறி, செயின் செட்டை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்தார். அவர் போன பிறகு, எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வையாபுரி கேட்டார்.

"மத்ததெல்லாம் அவர் கேட்டது," என்றார் மேஸ்திரி. "செயின் வண்டி கேட்டது."

அதற்கப்புறம் வையாபுரி ஒவ்வொரு வண்டியையும் முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாமான் பேசினார். ஒரு கட்டத்தில் பிரேக் வேலை என்று எது வந்தாலும் மேஸ்திரி ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை. நேராக வையாபுரியைக் கை காட்டிவிடுவார்.

அப்படிக் கை காட்டிய வண்டிகளில் ஒன்று தௌஃபிக்குடையது.

தௌஃபிக் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக் கடை வைத்திருப்பவர். முப்பது வயதுக்காரர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மலையில் இருப்பார். இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடி தளர்கிறது என்று வந்தார். வையாபுரி ஓட்டிப் பார்த்தார். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் லேசாக உப்பியது. அதை எடுத்துவிட்டு எஃகு வலை போர்த்திய ஹோஸ் போடலாம், பிரேக் பேடையும் மாற்றிவிடலாம் என்றார். சரியான முடிவு. மேஸ்திரியும் தலையசைத்தார்.

ஹோஸ் வந்து சேரும் இடத்தில், போல்ட்டின் இரண்டு பக்கமும் ஒரு செம்பு வாஷர் உட்காரும். நாலணாக் காசு அளவுகூட இருக்காது. இறுக்கும்போது அது நசுங்கி, இடுக்கை அடைத்து, எண்ணெயை வெளியே விடாது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை நசுங்காது. அதனால் கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். இது வையாபுரிக்குத் தெரியாததல்ல. புது வாஷர்களைத் தட்டில் எண்ணி எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

ஆனால் முன்சக்கரத்துக்கு மேலே ஓர் இணைப்பில் பழைய வாஷர் ஒன்று உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல், அதன்மேலேயே புது ஹோஸை வைத்து இறுக்கிவிட்டார்.

மறுநாள் தௌஃபிக் மலையேறினார். ஏறும்போது பிரேக் அருமையாக இருந்தது. இறங்கும்போது, பாதி மலைக்கு வருவதற்கு முன், ஒரு கொண்டை ஊசி வளைவில் லீவர் மெத்தென்று கைப்பிடிவரை வந்துவிட்டது. பின் பிரேக்கை மிதித்து, கியரை இறக்கி, எவ்வளவோ வேகத்தைக் குறைத்தார். மிச்ச வேகத்தோடு தடுப்புச் சுவரில் போய் மோதினார். வலது காறை எலும்பு முறிந்தது. அதோடு போயிற்று.

வண்டி டெம்போவில் பட்டறைக்கு வந்தது. மேஸ்திரி ஒதுங்கி நின்றார். வையாபுரிதான் குனிந்து பார்த்தார். முன்சக்கரம் முழுக்க எண்ணெய் வழிந்திருந்தது. போல்ட்டைக் கழற்றினார்.

"வாஷர் பழசு," என்றார்.

"ஆமா."

தட்டைப் போய்ப் பார்த்தார். ஸ்க்ரூக்களுக்கு நடுவே ஒரு புது வாஷர் மிஞ்சிக் கிடந்தது. அந்தப் போல்ட்டை இறுக்கிய நேரத்தில் என்ன யோசித்துக்கொண்டிருந்தோம் என்று வையாபுரி நினைவுபடுத்திப் பார்த்தார். அடுத்த வண்டியைப் பற்றியா, சாப்பாட்டைப் பற்றியா, ஒன்றும் பிடிபடவில்லை.

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தௌஃபிக்கின் வீட்டார் திட்டினார்கள். இருவரும் நின்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு வையாபுரி கட்டிலுக்குப் பக்கத்தில் போய், நடந்தது இன்னது, தப்பு என்னுடையது என்று வாஷர்வரை சொன்னார். தோளைக் கட்டிப் படுத்திருந்த தௌஃபிக் கடைசிவரை கேட்டுவிட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்துவிட்டதா என்று விசாரித்தார். வளையவில்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது.

"எலும்பு கூடறதுக்குள்ள வண்டியும் கூடிடுமா?" என்று கேட்டார்.

கூடிவிடும் என்றார் மேஸ்திரி.

"யார் பார்ப்பீங்க?"

"இவர்தான்."

வையாபுரி திடுக்கிட்டுத் திரும்பினார். தௌஃபிக் கொஞ்ச நேரம் சுழலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சரி என்றார். ஆனால் அந்தச் சரி வருவதற்குச் சற்று நேரம் பிடித்தது. வையாபுரி அதைக் கவனித்தார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வியாதி பிடித்தது.

எந்த வண்டியைத் தொட்டாலும் முடித்த வேலையை மறுபடி பார்ப்பார். பார்த்துவிட்டு எழுந்து இரண்டு எட்டு வைத்ததும், சரியாகப் பார்த்தோமா என்று தோன்றும். திரும்பி வந்து உட்காருவார். காலையில் மேஸ்திரி வருவதற்கு முன்பே பட்டறைக்கு வந்து, நேற்று முடித்து நிறுத்திய வண்டிகளை வரிசையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு வண்டியைக் கொடுத்தனுப்பிவிட்டு, அது ஓமலூர் தாண்டிய பிறகு போன் போட்டுத் திரும்பி வரச் சொன்னார். செயினை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். அந்த மனிதர் திரும்பி வந்தார். செயினில் ஒரு குறையும் இல்லை. அவர் மறுபடி வந்தது அதுவே கடைசி.

மேஸ்திரி எதையும் கண்டிக்கவில்லை.

ஒரு வண்டிக்கு இன்ஜின் ஆயில் மாற்றி அடி போல்ட்டை இறுக்கினார் வையாபுரி. டிக் என்றது. கைகழுவிவிட்டு வந்து, அதே ரென்ச்சால் மறுபடி இறுக்கிப் பார்த்தார். டிக் என்றது. சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு முறை. இந்த முறை டிக் வரவில்லை. போல்ட் வெண்ணெயில் சுற்றுவதுபோல வெறுமனே சுற்றியது. ஆயில் தங்கும் அலுமினியச் சேம்பரின் மரை போய்விட்டது. புது சேம்பர் வரும்வரை அந்த வண்டி தூக்கி நிறுத்தியபடியே நின்றது.

வையாபுரி மேஸ்திரிக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் மேஸ்திரி. எத்தனை தடவை பார்த்தாப் போதும்?"

மேஸ்திரி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்துக் கொடுத்தார். ரேஸ் டீம்களில் இறுக்கி முடித்த போல்ட்டின் தலையில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோடு விழுந்த போல்ட்டை அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். வையாபுரி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் போனது. பட்டறையில் எந்தப் போல்ட்டைப் பார்த்தாலும் மஞ்சளாக இருந்தது.

அப்புறம் பேனாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"என்னண்ணே?"

"கோடு போட்டாச்சு. ஆனா அந்தக் கோட்டைச் சரியாப் பார்த்துத்தான் போட்டனான்னு இப்ப சந்தேகமா இருக்குதுங்க."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வையாபுரிக்கும்கூட வந்தது. சிரித்து முடித்ததும் அவருடைய முகம் பழையபடி ஆகிவிட்டது. மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கதை சொன்னார்.

அவர் இருந்த டீமில் ஓர் ஓட்டக்காரர். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மெக்கானிக்கைப் பார்த்து ரெடியா என்று கேட்பார். மெக்கானிக் ரெடி என்பார். அவர் போய்விடுவார். வருடக்கணக்காக இப்படித்தான். ஒருநாள், கிளம்புவதற்குக் கொடி ஏறப்போகிற நேரம், ரெடியா என்று கேட்டதற்கு மெக்கானிக், ரெடியாத்தான் இருக்கும் என்றார். ஓட்டக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டார். அன்றைய ரேஸ் போயிற்று. சாயங்காலம் வண்டியைப் பிரித்து ஒவ்வொரு சாமானாகப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

வையாபுரி யோசித்தார். "அப்ப அவர் இறங்கினது வீண்தானே?"

"வண்டியில குறை இல்லைன்னுதான் சொன்னேன்," என்றார் மேஸ்திரி. எழுந்து போய்த் தன் வேலையைப் பார்த்தார்.

இதற்கு நடுவில் தௌஃபிக்கின் வண்டி ஒரு மூலையில் பிரித்துப்போட்டபடி கிடந்தது. வையாபுரி அதை நெருங்காமலே நாளைக் கடத்தினார். ஒரு காலையில் மேஸ்திரி அதன்மேல் மூடியிருந்த துணியை உருவி மடித்து வைத்துவிட்டார். சொல்ல வேண்டியதெல்லாம் அதுதான்.

வலது பக்கம் முழுக்க அடி. லீவர், ஹேண்டில், கால்கட்டை மூன்றும் மாற்ற வேண்டியவை. பக்கவாட்டை மூடும் ஃபேரிங் உரசிக் கிழிந்திருந்தது. ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தபோது கழுத்துப் பேரிங் மணலை மென்றதுபோல நறநறத்தது. தௌஃபிக் போனில் பேசினார். எப்படியும் பிரித்தாயிற்று, கார்பன் ஃபேரிங் போட்டுவிடலாமா, மடக்கு லீவர் ஒன்று நீல நிறத்தில் பார்த்திருக்கிறேன் என்றார்.

வையாபுரி தயங்கவில்லை. உரசின ஃபேரிங்கை ஒட்டிப் பெயின்ட் அடித்தால் போதும். லீவர் கம்பெனி லீவர்தான், வேறு வேண்டாம். கழுத்துப் பேரிங் கட்டாயம் புதுசு. முன் டயர் ஓரத்தில் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றுங்கள். காசு மிச்சமிருந்தால் ஃபோர்க்குக்குள் உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் போடுகிறேன், பிரேக் போடும்போது வண்டி குப்புறக் கவிழ்கிற மாதிரி முன்னால் இறங்காது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். தௌஃபிக் அத்தனைக்கும் ஒப்புக்கொண்டார். மேஸ்திரி காதில் விழாததுபோல ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வையாபுரிக்கே இது விசித்திரமாக இருந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. பேரிங்கை ஒரே தடவையில் நேராக இறக்கினார். ஸ்பிரிங்கை மாற்றி, ஃபோர்க்கில் எண்ணெய் ஊற்றி அளவு பார்த்தபோது பழைய ஆளாகவே இருந்தார். போல்ட்டை இறுக்கி முடித்துக் கையை எடுக்கிற அந்த ஒரு கணத்தில்தான் எல்லாம் ஆடியது.

பிரேக்கைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். வெள்ளைத் துணி விரித்து, ஒரு பக்கம் புது வாஷர்களை அடுக்கினார். இன்னொரு பக்கம், கழற்றின பழையவற்றை ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று உள்ளே போகும்போது ஒன்று வெளியே வந்திருக்க வேண்டும். துணியின் ஒரு பக்கம் காலியானபோது மறுபக்கம் நிறைந்திருந்தது. எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றி, லீவரை அழுத்தினார். கல்லை அழுத்துவதுபோல இருந்தது.

அன்றைக்கு வேறு எந்த வேலையும் செய்யவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தௌஃபிக் வருவதாகச் சொல்லியிருந்தார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் பைக் ஓட்ட டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருந்தார். பார்த்துவிட்டுப் போக வருகிறேன் என்றிருந்தார். வையாபுரி விடிந்ததுமே வந்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மேஸ்திரி வந்தபோதும் எழவில்லை.

"போய் டீ குடிச்சிட்டு வாங்கண்ணே."

"இன்னும் ஒரு தடவை பார்த்துட்டுப் போறேங்க."

"கடைக்காரன் அடுப்பை அணைச்சிடுவான்."

வேறு வழியில்லாமல் எழுந்து எதிர்ப்பக்கக் கடைக்குப் போனார். டீயைக் கையில் வாங்கியதோடு சரி. கண்ணை மூடினால் ஹோஸ் தெரிந்தது. மேலேயிருந்து கீழே ஒவ்வொரு இணைப்பாகப் போய்வந்தார். அவர் குடிக்கத் தொடங்கியபோது டீயில் ஆடை கட்டியிருந்தது.

திரும்பி வந்தபோது மேஸ்திரி ஓட்டுகிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். தௌஃபிக்கின் கார் வாசலில் நின்றது. பைக் சாலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது.

"நான் மேல போய்ட்டு இறங்கி வர்றேன்," என்றார் மேஸ்திரி. "நீங்க தௌஃபிக்கை ஏத்திக்கிட்டு அவர் கார்ல பின்னாலயே வாங்க."

முதலில் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றார் வையாபுரி. பட்டறையைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் அடித்துவிட்டுத் தருகிறேன் என்றார். நீங்கள் ஒரு பார்வையாவது பார்த்துவிட்டு ஏறுங்கள் என்றார். மேஸ்திரி ஹெல்மெட்டின் வாரைக் கட்டிக்கொண்டிருந்தார். வண்டியை ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தார். போனார்.

வையாபுரி காரை எடுத்தார். தௌஃபிக் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியின் சத்தம் முன்னைவிடச் சீராக இருக்கிறதே என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். வையாபுரியின் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஏறும்போது என்ன, அன்றைக்கும் ஏறும்போது அருமையாகத்தான் இருந்தது.

மேலே ஏரிக்கரையில் மேஸ்திரி வண்டியைத் திருப்பி நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. வையாபுரி காரைவிட்டு இறங்கி ஓட்டமாகப் போய், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டுக் கையை நீட்டினார்.

"சூடா இருக்கும். கை வைக்காதீங்க."

அவர் கையை இழுத்துக்கொள்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

இறக்கம் தொடங்கியது. மேஸ்திரி ஏறும்போது ஓட்டியதைப்போல இப்போது ஓட்டவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் நேராகப் பாய்ந்து போய், இனிமேல் முடியாது என்று பார்க்கிறவர் நினைக்கிற இடத்தில் பிரேக் போட்டார். சிவப்பு விளக்கு எரியும். வண்டி சாயும். வளைவுக்குள் மறையும். மறைந்த வண்டி மறுபக்கம் தெரிகிறவரை வையாபுரி மூச்சு விடவில்லை. தெரிந்ததும் விட்டார். அடுத்த வளைவு வந்தது.

லாரி ஓட்டிப் பழகிய கால், காரை ஒழுங்காகத்தான் ஓட்டியது. ஆனால் அவருடைய வலது கையின் நாலு விரலும் ஸ்டீயரிங்கில் லீவரைப் பிடிப்பதுபோல மடங்கி மடங்கி விரிந்தன. தௌஃபிக் அதைப் பார்த்தார். பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அந்த வளைவு வந்தது. தடுப்புச் சுவரில் வண்டியின் பெயின்ட் இன்னும் ஒரு முழ நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. தௌஃபிக் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். வையாபுரி கண்ணை அங்கிருந்து எடுக்க நினைத்தார். ஓட்டுகிறவர் கண்ணை எடுக்க முடியாது.

முன்னால் போன மேஸ்திரி இங்கே மட்டும் சீக்கிரமாகப் பிரேக் பிடிப்பார் என்று அவர் எதிர்பார்த்தார். சுவர் நெருங்கியது. விளக்கு எரியவில்லை. இன்னும் நெருங்கியது.

எரிந்தது.

வண்டி யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல வேகம் குறைந்து, சாய்ந்து, சுவரை ஒட்டி ஒரு வீச்சில் திரும்பிப் போனது.

அடுத்த இரண்டு வளைவு கழிந்த பிறகு தௌஃபிக் கைப்பிடியை விட்டார்.

"நானா இருந்தா இன்னும் கொஞ்சம் முன்னாலயே பிடிச்சிருப்பேன்," என்றார்.

வையாபுரி, கண்ணாடியில் பனி படிந்திருக்கிறது என்று வைப்பரைப் போட்டார். வைப்பர் வறண்ட கண்ணாடியில் கீச்சிட்டது.

அடிவாரத்தில் பட்டறை வாசலில் மேஸ்திரி வண்டியை நிறுத்தியிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்சக்கர டிஸ்க்கிலிருந்து சூடு அலையலையாக எழும்பியது. காரைவிட்டு இறங்கிய தௌஃபிக் நேராக வண்டியிடம் போனார். டாக்டர் சொன்னது நினைவிருந்ததாலோ என்னவோ, ஓட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து, லீவரை மெல்ல அழுத்தினார். இன்னொரு தரம் அழுத்தினார். முகம் மலர்ந்தது. அடுத்த ஞாயிறு எடுத்துக்கொள்கிறேன், அதுவரை இங்கேயே நிற்கட்டும் என்றார். பெட்ரோலை மட்டும் நிரப்பி வைக்கச் சொன்னார். வையாபுரியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வையாபுரி வண்டியைத் தள்ளி உள்ளே நிறுத்தினார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வழக்கம்போலக் குந்தப் போனவர், பாதியில் நின்றார். நிமிர்ந்து மேஸ்திரியிடம் வந்தார். அவர் ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவைகூடப் பார்க்காம ஏறிட்டீங்களே மேஸ்திரி. அந்த வளைவுல அப்படிப் போறீங்க. எந்த தைரியத்துல?"

மேஸ்திரி ஆச்சரியமாகத் திரும்பினார்.

"பார்க்காம ஏறுவனா? நீங்க டீ குடிக்கப் போனப்ப ஒவ்வொரு போல்ட்டா, ஒவ்வொரு வாஷரா பார்த்தேன்."

வையாபுரிக்கு முகம் சுருங்கிவிட்டது. இறங்கும்போது வளைவுக்கு வளைவு அவருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்த ஏதோ ஒன்று சட்டென்று நின்றது.

"அப்ப என்மேல நம்பிக்கை இல்லைங்களா?"

"பிரேக்கை உங்க முகத்தைப் பார்த்தா கண்டுபிடிக்கிறது? பிரேக்கைத்தான் பார்க்கணும். நல்லா இருந்துச்சு. ஏறினேன்."

வையாபுரி அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே ஏதோ ஒரு பைக் மலையேறிப் போகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறையும்வரை நின்றுகொண்டிருந்தார். அப்புறம், கேட்காமல் இருக்க முடியாததால் கேட்டார்.

"எத்தனை தடவை பார்த்தீங்க?"

மேஸ்திரி அடுத்த வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி வாசலுக்கு நடந்தார்.

"ஒரு தடவைதாண்ணே. பார்க்கிறப்ப வேற எதையும் பார்க்கலை."